கைகாட்டியும் வழிப்போக்கரும்

பாதையில் கிடக்கும் முள்ளையும் கல்லையும் அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக எண்ணும் மார்க்கம் நம்முடையது. ஜகாத் பெறத் தகுதியுடையோரை வரிசைப்படுத்தும் திருமறை, ஏழை எளியவரோடு வழிப்போக்கரையும் சேர்த்தே எண்ணுகிறது. 'இப்னுஸ் ஸபீல்' என்னும் அச்சொல்லுக்குப் 'பாதையின் மகன்' என்பது நேர்ப்பொருள். தம் ஊரில் அவர் செல்வந்தராய் இருக்கலாம். அயலூர்த் தெருவில் நிற்கும்போது பிறர் உதவியை எதிர்பார்ப்பவராகி விடுகிறார். உணவு, உறைவிடம் ஆகியவற்றோடு, வழி இன்னது என்ற செய்தியும் அவருக்குத் தேவை.

வழியை அறிந்தவர் அறியாதவரோடு பேசும் பேச்சே கைகாட்டிப் பலகை. பேசுபவர் எதிரில் இல்லை. கேட்பவர் திரும்பக் கேட்கவும் இயலாது. ஆகவே அப்பலகையில் எழுதப்படும் ஒவ்வோர் எழுத்தும் ஓர் அமானிதம் எனலாம். அந்த அமானிதம் எவ்வாறு பேணப்பட்டது, எங்கே தவறிற்று என்பதைச் சாலைகளின் வரலாற்றிலிருந்து சிறிது காண்போம். நாம் சிறப்பாக எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் விரைவுச் சாலைகளை. கார்களுக்காகவே வளர்ந்தது என்று பெயர் பெற்ற அந்நகரில், சாலைக்குப் பெயரும் எண்ணும் சூட்டுவதில் நேர்ந்த குழப்பங்கள் உலகம் முழுமைக்கும் பாடமாய் அமைந்துள்ளன. அங்கே செல்லுமுன், பழமையான சில கற்களைப் பார்த்துவிட்டுச் செல்வது பயன் தரும்.

உமையாக்களின் மைல் கற்கள்

ரோமப் பேரரசு தன் சாலைகளில் மைல் கற்களை நாட்டியது. அப்பேரரசின் ஆட்சி நீங்கிய ஷாம் நாட்டில், அதே பணியை அரபு எழுத்தில் தொடர்ந்தவர் உமையா கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான். ஹிஜ்ரி 65 முதல் 86 வரை, அதாவது கி.பி. 685 முதல் 705 வரை, அவர் ஆட்சி செய்தார். பைத்துல் முகத்தஸில் குப்பத்துஸ் ஸக்ராவை எழுப்பியவரும், நாணயங்களில் அரபு எழுத்தைப் பொறிக்கச் செய்தவரும் அவரே. அவர் காலத்து மைல் கற்கள் சில நமக்குக் கிடைத்துள்ளன. தபரிய்யா ஏரிக்குக் கிழக்கேயுள்ள ஃபீக் என்னும் இடத்தின் கடினமான கணவாய் வழி, ஹிஜ்ரி 73இல் (கி.பி. 692) சமன் செய்யப்பட்டதை ஒரு கல்வெட்டு தெரிவிக்கிறது.

இக்கற்களில் காணப்படும் செய்தி மிகச் சுருக்கமானது. முதலில் இறைவனின் ஒருமையும் தூதரின் தூதும்; அடுத்து, சாலையை அமைக்க ஆணையிட்ட கலீஃபாவின் பெயர்; இறுதியில் தொலைவு. ஜெரூசலத்திற்கும் எரிகோவிற்கும் இடைப்பட்ட சாலையில் கிடைத்த கல், திமிஷ்கிலிருந்து அவ்விடம் 109 மைல் என்று கூறுகிறது. ஜெரூசலத்திற்கு மேற்கே கிடைத்த மற்றொரு கல், ஈலியாவிலிருந்து 8 மைல் என்று கூறுகிறது. ஈலியா என்பது ரோமர் இட்ட பெயரிலிருந்து வந்து, அக்கால மக்கள் நாவில் வழங்கிய ஜெரூசலத்தின் பெயர்.

ஒரே வட்டாரத்தில் ஒரு கல் திமிஷ்கிலிருந்து கணக்கிடுகிறது. மற்றொன்று ஈலியாவிலிருந்து கணக்கிடுகிறது. ஆயினும் வழிப்போக்கருக்கு மயக்கம் இல்லை. எந்த ஊரிலிருந்து எண்ணப்பட்டது என்பதைக் கல்லே சொல்லிவிடுகிறது. அந்த ஊரின் பெயரும் மக்கள் அறிந்த பெயராகவே இருக்கிறது. எண் ஒன்று பொருள் தரவேண்டுமானால் அது எங்கிருந்து எண்ணப்பட்டது என்பதும் உடன் வரவேண்டும் என்ற இந்த எளிய நெறியை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் நாம் காணப்போகும் குழப்பங்களிற் பல, இந்நெறி மறக்கப்பட்டதால் விளைந்தவை.

அப்பாசியர் காலத்தில் இப்பணி பாலைவனத்திற்குள் நீண்டது. கூஃபாவிலிருந்து மக்கா வரை செல்லும் ஹஜ்ஜுப் பாதையில் முதல் அப்பாசிய கலீஃபா அஸ்ஸஃப்பாஹ் ஹிஜ்ரி 134இல் மைல் குறிகளை நிறுவியதையும், கலீஃபா மஹ்தி ஹிஜ்ரி 161இல் அவற்றைப் புதுப்பித்து, நீர்த்தொட்டிகளையும் தங்குமிடங்களையும் அமைக்க ஆணையிட்டதையும் வரலாற்றாசிரியர் தபரீ பதிந்துள்ளார். கலீஃபா ஹாரூன் ரஷீதின் மனைவி சுபைதா அம்மையார் அப்பாதைக்குச் செய்த அறப்பணிகளால் அது 'தர்ப் சுபைதா' என்றே பெயர் பெற்றது. ஏறத்தாழ 1400 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் நடந்தவர்களுள் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரே ஒரு முறை அவ்வழியைக் கண்டவர்கள். வழி தவறினால் அடுத்த நீர்நிலை கிட்டாது, உயிருக்கே ஆபத்து. வாழ்நாளில் ஒரு முறை வருபவருக்காகவே அக்குறிகள் நிறுவப்பட்டன. அடிக்கடி சென்று பழகிய ஒட்டகக்காரருக்கு அவை தேவைப்படவில்லை.

வண்ணப் பட்டைகளிலிருந்து எண்களுக்கு

இனி அமெரிக்காவுக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கார்கள் பெருகின. நெடுந்தொலைவு செல்லும் நல்ல சாலைகள் பெருகவில்லை. அரசாங்கம் கை வைக்காத இடத்தில் தனியார் சங்கங்கள் முன்வந்தன. நியூயார்க்கையும் சான்ஃபிரான்சிஸ்கோவையும் இணைக்கும் லிங்கன் நெடுஞ்சாலை 1913இல் அறிவிக்கப்பட்டது. அதைப் பின்பற்றி நாடெங்கும் பெயர் சூட்டப்பட்ட சாலைகள் தோன்றின. ஒவ்வொரு சங்கமும் தனக்கென ஒரு வண்ணப் பட்டையைத் தேர்ந்து, தந்திக் கம்பங்களில் தீட்டிக்கொண்டே சென்றது. பயணி அந்த வண்ணத்தைப் பார்த்துக்கொண்டே செல்லவேண்டும்.

தென் கலிபோர்னியாவில் இப்பணியைக் கார் உரிமையாளர் சங்கம் ஒன்று ஏற்றது. 1900இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கப்பெற்ற அச்சங்கம், ஊர்ச் சாலைகளில் கைகாட்டிகளை நாட்டியதோடு நில்லாமல், 1914ஆம் ஆண்டளவில் பாலைவனத்தையும் மலைகளையும் கடந்து கான்சாஸ் நகரம் வரை பலகைகளை நிறுவத் தொடங்கியது. பாராட்டத்தக்க தொண்டு அது.

ஆயினும் எல்லாச் சங்கங்களும் அத்தகையன அல்ல. சில சங்கங்கள் வழியிலுள்ள ஊர்களிடம் சந்தா பெற்றுக்கொண்டு, சந்தா அளித்த ஊர் வழியே சாலையைச் சுற்றி வளைத்தன. ஒரே கம்பத்தில் நான்கைந்து சங்கங்களின் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. ஒரே பெயரில் இரண்டு வழிகளும் இருந்தன. வழி காட்டும் பொறுப்பு வணிகத்தின் கையில் விழுந்தபோது வழிப்போக்கரின் நேரமும் பணமும் பிறருக்கு ஆதாயமாயின.

இந்நிலையைத் தீர்க்க மைய அரசும் மாநிலங்களும் கூடி ஆராய்ந்து, 1926 நவம்பர் 11இல் நாடு முழுமைக்குமான எண் முறையை ஏற்றன. வடக்கு தெற்காகச் செல்லும் சாலைக்கு ஒற்றைப்படை எண்; கிழக்கு மேற்காகச் செல்லும் சாலைக்கு இரட்டைப்படை எண். கிழக்குக் கரையில் 1 என்று தொடங்கி மேற்கு நோக்கி எண் உயர்ந்து, பசிபிக் கரையில் 101 ஆயிற்று. கேடய வடிவப் பலகையில் எண் எழுதப்பட்டது. சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை சென்ற 66ஆம் எண் சாலை உலகப் புகழ் பெற்றது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அயல் மொழியினரும் பின்தொடரக்கூடியது எண். பெயர்களின் ஆரவாரத்திற்கு இதுவே நல்ல மருந்தாக அமைந்தது.

பெயரைப் பின்பற்றுவதா, எண்ணைப் பின்பற்றுவதா?

லாஸ் ஏஞ்சலஸில் குறுக்குத் தெருக்களோ சமிக்ஞை விளக்குகளோ இல்லாத 'ஃப்ரீவே' என்னும் விரைவுச் சாலைகள் எழத் தொடங்கியபோது புதிய சிக்கல் பிறந்தது. பசதேனா நகரிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு வரும் அரோயோ செக்கோ பார்க்வே 1940 டிசம்பர் 30இல் திறக்கப்பட்டது. 1954இல் அதன் பெயர் பசதேனா ஃப்ரீவே ஆயிற்று. 2010இல் மீண்டும் பழைய பெயருக்கே திரும்பியது. எழுபது ஆண்டுகளில் ஒரே சாலை இருமுறை பெயர் மாறியது.

அந்நகர விரைவுச் சாலைகளிற் பலவற்றுக்கு அவை சென்று சேரும் ஊரின் பெயரே சூட்டப்பட்டது. நகர நடுவிலிருந்து புறப்படுபவருக்கு இது மிக உதவியாக இருந்தது. சாண்டா ஆனா ஃப்ரீவேயில் ஏறினால் சாண்டா ஆனாவுக்குச் செல்லலாம். ஆனால் சாண்டா ஆனாவில் வாழ்பவர் லாஸ் ஏஞ்சலஸுக்குப் புறப்பட்டால், தாம் விட்டுச் செல்லும் ஊரின் பெயர் கொண்ட சாலையிலேயே செல்லவேண்டும். பெயர் ஒரு திசையில் வழி காட்டுகிறது. எதிர்த்திசையில் அதுவே பொருளற்றுப் போகிறது.

அடுத்து, 1956இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் நாடளாவிய 'இன்டர்ஸ்டேட்' சாலைகள் திட்டமிடப்பட்டன. 1957இல் அவற்றுக்குத் தனி எண்கள் வகுக்கப்பட்டன. பழைய எண்களோடு புதிய எண்கள் ஒரே இடத்தில் மோதிவிடக் கூடாது என்று கருதி, வரிசையைத் தலைகீழாக மாற்றினர். பழைய முறையில் சிறிய எண்கள் கிழக்கிலும் வடக்கிலும் இருந்தன. புதிய முறையில் அவை மேற்கிலும் தெற்கிலும் அமைந்தன. ஆகவே பசிபிக் கரையை ஒட்டிய மாநிலங்களின் பெருஞ்சாலை 5ஆம் எண் பெற்றது. அட்லாண்டிக் கரையோரச் சாலை 95ஆம் எண் பெற்றது. திட்டம் அறிவுடையதே. ஆயினும் பழைய கேடயமும் புதிய கேடயமும் அருகருகே நிற்கும் நகரத்தில், ஒவ்வொரு கேடயத்திற்கும் எண்ணும் முறை வேறு என்பதைப் பயணி எவ்வாறு அறிவார்?

கலிபோர்னியாவில் இன்னுமொரு மறைபொருள் இருந்தது. சாலையில் பலகையில் காணப்பட்ட எண் வேறு. மாநிலச் சட்டப் பதிவேட்டில் அதே சாலைக்கு இருந்த எண் வேறு. பயணி கண்ட 101, பதிவேட்டின் பெரும்பகுதியில் 2ஆம் எண் வழியாக இருந்தது. இந்த இரட்டைக் கணக்கை ஒழிக்கச் சட்டம் இயற்றப்பட்டு, 1964 ஜூலை முதல் நாளிலிருந்து மாநிலம் முழுமையும் மறுஎண் இடப்பட்டது. பலகைக்கும் பதிவேட்டுக்கும் ஒரே எண். ஒரு சாலைக்குக் கூடுமானவரை ஒரே எண் என்பது அதன் நோக்கம். 66ஆம் எண் பசதேனாவுக்கு மேற்கே நீக்கப்பட்டது. பின்னர் 1985இல் நாடெங்கும் அந்த எண் கைவிடப்பட்டது.

எண்கள் சீராயின, பெயர்கள் அப்படியே நின்றன. இதன் விளைவை ஓரிடத்தில் தெளிவாகக் காணலாம். நகர நடுவிலிருந்து வடமேற்கே செல்லும் ஹாலிவுட் ஃப்ரீவேயும், கிழக்கிலிருந்து மேற்கே செல்லும் வென்டுரா ஃப்ரீவேயும் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில் சந்திக்கின்றன. சந்திப்புவரை ஹாலிவுட் ஃப்ரீவேயின் எண் 101. சந்திப்பைத் தாண்டி வடக்கே செல்லும் அதே ஃப்ரீவேயின் எண் 170. சந்திப்புவரை வென்டுரா ஃப்ரீவேயின் எண் 134. சந்திப்புக்கு மேற்கே அதே ஃப்ரீவேயின் எண் 101. ஆகவே 101 என்ற எண்ணைப் பின்பற்றுபவர் அங்கே ஹாலிவுட் என்ற பெயரைக் கைவிட்டுத் திரும்பவேண்டும். பெயரைப் பின்பற்றுபவர் எண்ணைக் கைவிடவேண்டும். உள்ளூரார் இதனை ஒரு குறையாகவே எண்ணுவதில்லை, பழகிவிட்டது. புதியவருக்கோ, ஒருவர் பெயரைச் சொல்லியும் மற்றொருவர் எண்ணைச் சொல்லியும் வழி கூறினால், இருவரும் வேறு வேறு சாலைகளைச் சொல்வதாகவே தோன்றும்.

எண் ஒன்றாகவே இருந்து சின்னம் மாறும் விந்தையும் உண்டு. சான் பெட்ரோ துறைமுகத்திலிருந்து வடக்கே வரும் சாலையும் பசதேனாவுக்குச் செல்லும் பழைய பார்க்வேயும் முன்னர் 11ஆம் எண் பெற்றிருந்தன. 1981இல் அது 110 என மாற்றப்பட்டது. நகர நடுவுக்குச் சற்றுத் தெற்கே, 10ஆம் எண் சாலையைச் சந்திக்கும் இடம்வரை அது சிவப்பும் நீலமும் கலந்த இன்டர்ஸ்டேட் கேடயத்தைத் தாங்கும். அதற்கு வடக்கே, மண்வெட்டி வடிவிலான பச்சை நிற மாநிலச் சின்னத்தைத் தாங்கும். 1940இன் வளைவுகளும் குறுகிய தடங்களும் கொண்ட பார்க்வே, இன்டர்ஸ்டேட் அளவைக்கு ஒத்துவராது என்பதே இதன் காரணம். பொறியியல் நோக்கில் இது நேர்மையான வேறுபாடு. பலகையைப் பார்த்துச் செல்பவருக்கோ, சாலை முடிந்து வேறொரு சாலை தொடங்கியதோ என்ற ஐயம் எழுவது இயல்பு.

திசைச் சொல் செய்யும் மயக்கம்

எண்ணின் அருகே எழுதப்படும் 'வடக்கு', 'மேற்கு' என்ற சொற்களைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். பலகையிலுள்ள திசை, அந்த இடத்தில் சாலை செல்லும் திசையன்று. தொடக்கம் முதல் முடிவுவரை அந்த எண் செல்லும் பொதுத் திசையாகும். 101ஆம் எண் சாலை மாநிலத்தின் நீளத்தில் தெற்கு வடக்காகச் செல்கிறது. ஆனால் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில் அது நேரே மேற்கு நோக்கிச் செல்கிறது. மாலைக் கதிரவனை எதிர்கொண்டு கார் ஓட்டுபவரின் தலைக்கு மேலே 'வடக்கு' என்று பலகை சொல்லும்.

இதன் உச்சத்தைச் சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில், பெர்க்லி நகரையொட்டிக் காணலாம். அங்கே ஒரே சாலையை 80, 580 என்ற இரண்டு எண்கள் பகிர்ந்துகொள்கின்றன. அதில் வடக்கு நோக்கிச் செல்லும் பயணி, '80 கிழக்கு' என்றும் '580 மேற்கு' என்றும் ஒரே சமயத்தில் காண்கிறார். ஒரே தடத்தில், ஒரே வேகத்தில், கிழக்கேயும் மேற்கேயும் சென்றுகொண்டு, உண்மையில் அவர் வடக்கே செல்கிறார். ஒவ்வொரு பலகையும் தன்னளவில் விதிப்படி சரியானது. மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் மனிதருக்குத்தான் பொருள் விளங்குவதில்லை.

உமையாக் கல்லின் நெறியை இங்கே நினைவுகூர்வோம். அக்கல் தன் கணக்கின் தொடக்கத்தைத் தானே சொல்லிற்று. இப்பலகையோ, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு வரைபடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நொடி மட்டுமே தன்னைக் காணும் பயணியிடம் அதன் முடிவை மட்டும் சொல்கிறது.

காணாமற்போன ஐந்து

நாம் கூற வந்தவற்றுள் முதன்மையான நிகழ்ச்சி, மேலே சொன்ன 110ஆம் எண் சாலையில் நடந்தது. நகர நடுவிலிருந்து அதில் வடக்கே செல்பவர், நான்கு பழைய சுரங்கவழிகளைக் கடந்தபின், இடப்புறத் தடத்திலிருந்து பிரிந்து 5ஆம் எண் சாலையின் வடதிசையில் சேரலாம். மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவுக்கு, ஏறத்தாழ 600 கிலோமீட்டர் செல்லும் பெருவழி அது. அமெரிக்காவில் வாகனங்கள் சாலையின் வலப்பக்கமாகவே செல்வதால், பெரும்பாலான பிரிவழிகள் வலப்புறத்தில்தான் இருக்கும். ஆகவே இடப்புறப் பிரிவு என்பதைப் புதியவர் எதிர்பார்க்கமாட்டார். ஆயினும் நகர நடுவில் சாலைக்கு மேலே நின்ற பெரிய பலகையில் 5 என்ற எண்ணே இல்லை. பிரிவழியை நெருங்கிய பின்னரே செய்தி கிடைத்தது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடந்துவிடும். கடைசி நேரத்தில் தடம் மாற முயல்வோர் தமக்கும் பிறருக்கும் ஆபத்தை விளைவிப்பர்.

அந்நகர ஓவியர் ரிச்சர்ட் ஆங்க்ரம் என்பவர் ஒருமுறை இப்பிரிவழியைத் தவறவிட்டார். நம்மிற் பலர் அத்தகைய நேரத்தில் முணுமுணுத்துவிட்டு மறந்துவிடுவோம். அவர் மறக்கவில்லை. மாநில நெடுஞ்சாலைத் துறையின் அளவுகளையும் நிறங்களையும் எழுத்து வடிவையும் கற்று, இன்டர்ஸ்டேட் 5இன் கேடயத்தையும் 'வடக்கு' என்ற சொல்லையும் தம் கையாலேயே செய்தார். புதியதென்று தோன்றாதபடி அவற்றின்மீது மங்கலான சாயமும் பூசினார். சாலைப் பணியாளரின் ஆரஞ்சு உடையும் தலைக்கவசமும் அணிந்து, 2001 ஆகஸ்ட் 5ஆம் நாள் காலையில், வாகனங்கள் ஓடிக்கொண்டிருந்த சாலைக்கு மேலே ஏறி, அப்பெரிய பலகையில் அவற்றைப் பொருத்திவிட்டு இறங்கினார்.

எவரும் கவனிக்கவில்லை. அடுத்த ஆண்டு செய்தி இதழ்களின் வழியே உண்மை வெளிப்பட்டபோதுதான் துறையினர் அறிந்தனர். அவர்கள் சென்று சோதித்தனர். அச்சின்னம் உறுதியாகப் பொருத்தப்பட்டிருந்தது. அளவும் சரியாக இருந்தது. சொன்ன செய்தியும் உண்மையாக இருந்தது. ஆகவே அதை அகற்றாமல் விட்டுவிட்டனர். எட்டாண்டுகளுக்கு மேலாக, எத்தனையோ பயணிகளுக்கு அது வழி காட்டிற்று. 2009 நவம்பரில் அப்பலகை மாற்றப்பட்டபோது, துறையே அமைத்த புதிய பலகையில் 5ஆம் எண் முறைப்படி இடம் பெற்றது.

அவர் செயலை நாம் முன்மாதிரியாகக் கொள்ளச் சொல்லவில்லை. அரசுப் பணியாளர் போல் உடையணிந்தது ஒரு பொய்த்தோற்றம். ஓடும் வாகனங்களுக்கு மேலே அனுமதியின்றி ஏறியதிலும், கையிலிருந்த ஒரு கருவி நழுவினாற்கூட உயிர்ச்சேதம் நேர்ந்திருக்கலாம் என்ற அபாயம் இருந்தது. எல்லாரும் தத்தம் விருப்பப்படி பலகை மாட்டத் தொடங்கினால், தந்திக் கம்பங்களில் வண்ணங்கள் மோதிய அந்தப் பழைய காலமே திரும்பி வரும். வழி காட்டும் பொறுப்பு ஓரிடத்தில், பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அதிகாரத்திடம் இருப்பதே முறை.

ஆனால் அதிகாரத்திடம் பொறுப்பு இருக்குமானால், குறையைக் கேட்கும் செவியும் அதனிடம் இருக்கவேண்டும். அந்தப் பலகையின் கீழே நாள்தோறும் சென்றவர்களுள் அதை அமைத்த துறையினரும் இருந்திருப்பர். பார்வையிட்ட பொறியாளரும் இருந்திருப்பர். அவர்கள் கண்ணில் குறை படவில்லை. காரணம் எளியது: அவர்களுக்கு வழி தெரியும். வழி தெரிந்தவர் பலகையைப் படிப்பதில்லை. அதனால் பலகையில் இல்லாததையும் அவர் காண்பதில்லை. துறையின் பெருமைக்குரிய செயல் ஒன்றும் இதில் உண்டு. வெளியாள் ஒருவர் செய்த திருத்தம் சரியானது என்று கண்டபோது, தன்மானம் கருதி அதைப் பிடுங்கி எறியாமல் ஏற்றுக்கொண்டது.

விரைவுச் சாலையின் பிரிவழிகளுக்கு எண் இடுவதிலும் இதே தாமதத்தைக் காண்கிறோம். மற்ற மாநிலங்கள் அவ்வழக்கத்தை மேற்கொண்டு நெடுங்காலமான பின்னரும், கலிபோர்னியா 2002இல்தான் மாநிலமெங்கும் அதைத் தொடங்கியது. 1971இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சிறு சோதனை நடந்து நின்றுபோயிருந்தது. பிரிவழியின் தெருப் பெயர் உள்ளூராருக்குப் போதுமானதாக இருந்தது என்பதே இத்தனை ஆண்டுத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளச் செய்தது எனலாம்.

நம் நாட்டுச் சாலைகள்

இவையெல்லாம் தொலைதேசத்துச் செய்தி என்று ஒதுக்குவதற்கில்லை. இந்தியாவிலும் 2010இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்கள் அறிவிக்கப்பட்டன. நாட்டின் குறுக்கும் நெடுக்கும் ஒழுங்கான வரிசை அமையவேண்டும் என்பதே அதன் நோக்கமும் ஆகும். சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்பவர் முன்னர் 45 என்ற ஓர் எண்ணைப் பின்பற்றினார். இப்போது அவர் திண்டிவனம்வரை 32, அங்கிருந்து விழுப்புரம்வரை 132, அதன்பின் 38 என மூன்று எண்களைப் பின்பற்றவேண்டும். ஆனால் சென்னையிலிருந்து நாகூருக்கு ஜியாரத் செல்லும் குடும்பத்தார், முன்னர் 45, 66, 45-ஏ என்று மாறிச் சென்ற வழியை, இப்போது 32 என்ற ஒரே எண்ணில் செல்லலாம். ஒருவருக்கு எளிமையானது மற்றொருவருக்குச் சிக்கலாயிற்று. எந்த வரிசையும் எல்லாப் பயணங்களுக்கும் ஒருசேர எளிமை தருவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டா. இதற்கிடையில் சென்னைப் புறநகர்க் கடைகளின் பெயர்ப்பலகைகளில் ஜி.எஸ்.டி. ரோடு என்ற பழைய பெயர் இன்றும் வாழ்கிறது.

எண்ணை மாற்றும் ஆணை ஒரு நாளில் பிறப்பிக்கப்படுகிறது. பலகைகள், மைல் கற்கள், வரைபடங்கள், கடைகளின் முகவரிகள், மக்களின் நாவு ஆகியவை மாறுவதற்கு ஒரு தலைமுறை ஆகிறது. அந்த இடைக்காலத்தில் பழையதும் புதியதும் கலந்து நிற்கும். அப்போது திண்டாடுபவர் வழிப்போக்கரே. ஆணையிடுவோர் அந்த இடைக்காலத்தையும் தம் பொறுப்பாகக் கருதினால் அத்திண்டாட்டம் பெருமளவு குறையும்.

புதியவரின் கண்

இப்போது கைத்தொலைபேசியே வழி சொல்கிறதே, பலகை எதற்கு என்று கேட்பாரும் உளர். தொலைபேசியின் குரலும், இன்ன எண்ணில், இன்ன திசையில், இன்ன பிரிவில் செல்க என்றுதான் சொல்கிறது. செவி கேட்ட எண்ணைக் கண் பலகையில் தேடவேண்டும். இரண்டும் ஒத்திருந்தால் பயணி அமைதியோடு செல்வார். முரண்பட்டால் குழப்பம் இரட்டிப்பாகும். முன்னர் ஒரு பலகை மற்றொரு பலகையோடு ஒத்திருந்தால் போதும். இன்று அது குரலோடும் ஒத்திருக்கவேண்டும்.

பலகை எழுதுவோரின் இடர்ப்பாட்டையும் நாம் மறந்துவிடக் கூடாது. விரைந்து செல்பவர் படிக்கக்கூடியவை சில சொற்களே. எல்லாவற்றையும் எழுதினால் எதுவும் படிக்கப்படாது. ஆகவே சிலவற்றை விட்டே தீரவேண்டும். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று முடிவு செய்வதில்தான் அமானிதம் அடங்கியிருக்கிறது. அம்முடிவை எடுக்கும்போது அலுவலகத்தின் பதிவேட்டையும் உள்ளூராரின் பழக்கத்தையும் அளவுகோலாகக் கொண்டால் பலகை பிழைபடும். அவ்வழியை முதன்முறையாகக் காண்பவரை அமர்த்தி ஓட்டச் செய்து, அவர் எங்கே தயங்குகிறார் என்று பார்த்தால் பலகை திருந்தும்.

பாலைவனத்தில் மைல் குறிகளை நாட்டியவர்கள் முன்னே, வாழ்நாளில் ஒரு முறை வரும் ஹாஜி இருந்தார். அவர் எந்த நாட்டவர், எந்த மொழியினர் என்பதை அவர்கள் அறியார். ஆயினும் அவர் வருவார் என்பதை அறிந்திருந்தார்கள். நம் ஊர்ப் பள்ளிவாசலுக்கும், மதரஸாவுக்கும், மருத்துவமனைக்கும், பேருந்து நிலையத்துக்கும் வழி காட்டும் பலகைகளை எழுதும்போது நாமும் அந்தப் புதியவரை நினைவில் இருத்துவோமாக. முள்ளை அகற்றுவது ஈமானின் கிளை என்றால், வழி தெரியாமல் முட்செடிக்குள் சென்றுவிடாதபடி ஒருவரைத் தடுத்து நிறுத்தும் தெளிவான ஒரு பலகையும் அக்கிளையின் நிழலில் சேர்ந்ததே ஆகும்.